நாற்பத்தோராவது செக்கன்

போன டிசம்பரில், எங்கள் கம்பனியின் வருடாந்த ஒன்றுகூடலில் என் மனைவி நிஷாந்தினி ஆடினாள். நாற்பது பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒளித்து வைத்தால், அந்த இடம் வரும்வரை நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

நாங்கள் இருப்பது பிலிமத்தலாவையில் ஒரு வாடகை வீட்டில். நான் கண்டியில் ஒரு மருந்து விநியோகக் கம்பனியில் விற்பனை மேற்பார்வையாளன். நிஷாந்தினி வத்தேகமக்காரி. பேராதனைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பல் செய்கிறாள். டொக்டர்மார் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஒவ்வொன்றாக உரசி, வாய்க்குள் போனால் அது சொந்தப் பல்லா என்று கேட்கும்படி செய்துவிடுவாள். ஆட்களின் முகம் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. பல் பிடிபடும். "அந்த முன்பல்லு கொஞ்சம் மடிஞ்ச அக்கா" என்றுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியை ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே போவதென்றாலும் முதல் நாளே கேள்விகளோடு வந்து உட்காருவாள்.

"சாவு வீட்டுல மொதல்ல யாருகிட்டப் போகணும்? என்னா சொல்லணும்? எவ்வளவு நேரம் இருக்கணும்? டீ தந்தா குடிக்கலாமா?"

நான் சொல்லுவேன். சொன்னபடி ஒரு எழுத்து மாறாமல் செய்வாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் ஒருத்திக்கு நான் சொல்வதுதான் சட்டம் என்றால் எந்த ஆணுக்குத்தான் பிடிக்காது?

இரண்டு வருடம் கழித்து அவளே ஒரு டொக்டரைத் தேடிப் போனாள். ஆய்வுகூடத்துக்கு வரும் பல் டொக்டர் ஒருவர் பெயர் கொடுத்திருந்தார். மூன்று தடவை போய் வந்த பிறகு, முன்பு அஸ்பெர்ஜர் என்று சொன்ன நிலைதான் இது, இப்போது ஓட்டிசத்தோடு சேர்த்துச் சொல்கிறோம் என்று டொக்டர் விளக்கி ஒரு கடிதமும் தந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"முப்பது வருஷமா நா முயற்சி பண்ணலன்னுதான் எல்லாரும் ஏசுனாங்க. நா முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.

"சரி. ஆனா இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்."

"ஏன்?"

"எதுக்கு வீணா? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அவள் யோசித்துவிட்டு "சரி" என்றாள். அதையும் ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு வீட்டாருக்கும் இன்றுவரை தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம், அவள் இல்லை.

ஒன்றுகூடலுக்கு வருகிறேன். அதற்கு முன்தினம் வழக்கம்போலக் கேட்டாள்.

"அங்க ஆடணுமா?"

"பேண்ட் வரும். பைலாப் பாட்டு போடுவாங்க. ஆடச் சொன்னா கொஞ்ச நேரம் ஆடிட்டு வந்து ஒக்காந்துக்க."

"பைலாவுக்கு எப்படி ஆடணும்?"

"அதுக்கு ஒண்ணும் முறை இல்ல. சும்மா கைய கால அசைக்கிறதுதான்."

"எந்தக் கைய? எந்தக் கால?"

நான் அப்போது அயன் பெட்டியால் சேர்ட் மினுக்கிக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. "எல்லாரும் செய்யிறதப் பாத்து நீயும் அப்படியே செய். அவ்வளவுதான்" என்றேன்.

ஹந்தானைச் சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு விழா தொடங்கியது. மண்டபத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே தேயிலை மலை. அந்த மலையின் அடுத்த மடிப்பில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா ராஜலிங்கம் அங்கேதான் தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கும் வேலை செய்தார். கம்பனியில் யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. "ஊர் கண்டிதான்" என்பேன். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடம், என் சப்பாத்தில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். வேறு எவனையாவது பார்த்து அவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து, அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். சிரிக்கிற கூட்டத்துக்குள் நிற்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்கு பேண்ட் தொடங்கியது. மெனேஜரின் மனைவி வந்து பெண்களை எல்லாம் கையைப் பிடித்து எழுப்பினார். நிஷாந்தினி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எழுந்து போனாள்.

பைலா ஆட்டத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஒருவர் கையைத் தூக்குவார், ஒருவர் இடுப்பை ஆட்டுவார், ஒருவர் சும்மா சுற்றிச் சுற்றி வருவார். அவள் முதலில் அசையாமல் நின்று எல்லோரையும் பார்த்தாள். பிறகு தனக்கு முன்னால் நின்ற மெனேஜரின் மனைவியைத் தெரிந்தெடுத்தாள். அவர் வலது கையைத் தூக்கினால் இவளும் வலது கையைத் தூக்கினாள், ஒரு கணம் பிந்தி. அவர் திரும்பினால் இவளும் திரும்பினாள். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. அதுவரை பரவாயில்லை. மெனேஜரின் மனைவி களைத்துப்போய் உட்காரப் போய்விட்டார். அவள் அடுத்த ஆளைத் தேடினாள். அவள் கண்ணில் பட்டது, இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்த எங்கள் லொறி டிரைவர். அவர் முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

என் மனைவி சேலையோடு முழங்காலைத் தூக்கினாள். நான் சொன்னபடியே செய்தாள்.

தயாளன் என்று எனக்குக் கீழே வேலை செய்யும் விற்பனைப் பிரதிநிதி ஒருவன். கெட்டிக்காரன், பகிடிக்காரன். அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்று, முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, உதட்டை அசைத்து எண்ணி, அவளைப் போலவே முழங்காலைத் தூக்கினான். ஆட்கள் விலகி வட்டமாக நின்றார்கள். பாட்டு ஒன்று முடிந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். எண்ணிக்கையில் இருந்தவள் இன்னும் இரண்டு அடி வைத்தாள். மண்டபமே அதிரும்படி சிரித்தார்கள்.

அவள் தலை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருப்பதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அவளும் சிரித்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பின்னால் இருந்து கேட்டாள்.

"நா நல்லா ஆடுனனா?"

"ம். நல்லா இருந்துச்சு."

"எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நீங்களும் சிரிச்சீங்க."

பேராதனைப் பாலத்தில் காற்று பலமாக இருந்தது. கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கம்பனியின் வட்ஸ்அப் குறூப்பில் அந்த வீடியோ வந்தது. ஒரு நிமிடம் பத்து செக்கன். யார் எடுத்தார்களோ தெரியாது. கீழே சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. அதைப் பெரிய கண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை அந்த வீடியோ குறூப்பில் இல்லை. மருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பான ஃபாஸிலை அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்போம். அன்று பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார். அவர் விழாவில் ஆடுகிற ஆள் இல்லை. ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு மனைவி ரபீகாவோடு இருந்தவர்.

"வீடியோவ அழிக்கச் செல்லிட்டேன்" என்றார்.

"ஆ... தேங்க்ஸ் நானா."

"நீங்க செல்லுவீங்க எண்டு ரெண்டு நாள் பாத்துக்கிட்டு ஈந்தேன்."

மருந்துப் பெட்டிகளை எண்ணத் திரும்பிவிட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், ஏதோ வேலை இருப்பவனைப் போல.

குறூப்பில் அழித்தால் என் போனிலும் அழிந்திருக்கும் என்று நம்பிவிட்டேன். ஆனால் வந்த உடனேயே அது போனின் படங்களுக்குள் பதிந்திருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் நிஷாந்தினி, அம்மாவுக்கு அனுப்ப விழாப் படங்கள் வேண்டும் என்று கேட்டாள். நான் போனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வரும்போது அறையில் பைலாச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தொடங்கியது. நின்றது. மறுபடி.

துவாயோடு கதவருகே நின்றேன். கடைசியில் உள்ளே போனபோது, மேசையில் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"பதினோரு தரம் பாத்தேன்" என்றாள். "மொதல்ல நா எந்த எடத்துல பிழை விட்டேன்னுதான் பாத்தேன். என் கால் தாளத்துலதான் விழுது. மத்தவங்க கால்தான் தாளத்துல இல்ல. அப்புறம் பாத்தா எனக்குப் பின்னுக்கு ஒரு ஆளு நிக்கிறாரு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"படத்துல முகம் தெரியிற ஆளுங்க இருபத்தாறு பேரு. அதுல பத்தொம்பது பேருக்கு மேல் வரிசைப் பல்லு முழுசாத் தெரியுது. அப்படித் தெரிஞ்சா அது நல்லா சிரிக்கிறது. நீங்க நாப்பத்தோராவது செக்கன்ல சிரிக்கிறீங்க." போனை என் பக்கம் திருப்பினாள். நிறுத்தி வைத்த படத்தில் என் வாய் அகலத் திறந்திருந்தது. கடைவாய்ப் பல்கூடத் தெரிந்தது. "இது பாட்டுக்குச் சிரிச்சதா, எனக்குச் சிரிச்சதா?"

"பாட்டுக்கு" என்றேன். நினைக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் கொப்பியைப் பார்த்தாள். "பாட்டு முப்பத்தாறாவது செக்கன்ல முடியுது. அடுத்த பாட்டு நாப்பத்தஞ்சுலதான் தொடங்குது. நீங்க சிரிக்கிற எடத்துல பாட்டு இல்ல."

என்னைப் பிடித்துவிட்டோம் என்ற எண்ணம் அவள் குரலில் கொஞ்சமும் இல்லை. கணக்கு ஒன்று சரிவரவில்லை, அவ்வளவுதான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்னப் பாத்துத்தான் சிரிச்சேன்" என்றேன்.

"சரி" என்றாள். கொப்பியை மூடினாள். "நா சோறு போடுறேன்."

அவளுக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பேசினாள், சமைத்தாள், என் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிறு எங்கள் சொந்தத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா வந்தது. முதல் நாள் நான் காத்திருந்தேன். அவள் கேள்விகளோடு வரவில்லை. நானாகவே "நாளைக்கு அங்க..." என்று தொடங்கினேன்.

"விழாவுல பழகுன ரபீகா அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

"அவங்களுக்கு நம்ம சடங்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னுதான் சொன்னாங்க. தெரியாத எடத்துல தெரியாதுன்னு சொல்றவங்ககிட்டக் கேக்குறது நல்லது."

அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. நாலு வருடம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகு அடி எடுத்து வைத்தவள். அந்தப் பார்வை நின்றுபோனது. நான் சிரிப்பது எதற்கென்று தெரியாத பிறகு, என் தலையாட்டலை அவள் எதை வைத்து நம்புவாள்?

ஜனவரியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நடன வகுப்பில் சேரப் போவதாகச் சொன்னாள். கண்டி டவுனில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் திலினி என்ற பெண் வால்ஸ் ஆட்டம் கற்றுக்கொடுக்கிறாள். கல்யாணத்தில் ஆட வேண்டும் என்று வரும் சோடிகள்தான் அதிகம்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "எதுக்கு நிஷா? வேணாமே."

"ஏன் வேணாம்?"

"மறுபடியும் யாராவது..."

"அவங்க சிரிச்சது வேற விஷயம். எனக்கு ஆடுறது புடிச்சிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பொய் இல்லையே."

அவளைக் கொண்டுபோய் விடுவேன். மேலே போகமாட்டேன். எதிரே இருந்த பேக்கரியில் பிளேன்டீ ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். மேல்மாடி ஜன்னல் திறந்திருக்கும். பாட்டுக் கேட்கும். சிரிப்புக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கேட்டால் ஓடிப் போய் அவளைக் கூட்டிவருவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிக் கேட்டிருந்தால், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போயிருப்பேனோ என்னவோ.

ஐந்தாவது சனிக்கிழமை திலினியே கீழே வந்தாள். நல்ல தமிழ் பேசினாள். "அண்ணா, இன்னைக்கு ஆம்பளைங்க கொறைவு. மேல வாங்களேன்."

மறுக்க முடியாமல் போனேன். நீளமான அறை, சிமெந்துத் தரை. ஆறேழு சோடிகள். நிஷாந்தினி யாரோ ஒரு பெரியவரோடு ஆடிக்கொண்டிருந்தாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

அவள் ஆடினாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, கை தளராமல் ஒரே உயரத்தில் இருந்தது, கால் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. உதடு அசையவில்லை. இந்த ஆட்டத்துக்கு முறை இருக்கிறது. எந்தக் கை எங்கே, எந்தக் கால் எப்போது, எல்லாம் முன்பே தீர்மானம். யார் முகத்தையும் படிக்க வேண்டியதில்லை. முதுகில் இருக்கும் கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அவளுக்குப் பொய் சொல்லாத ஒரு மொழி கிடைத்திருந்தது.

திலினி என்னை அவளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள். பாட்டு தொடங்கியது. முதல் அடியிலேயே அவள் காலை மிதித்தேன்.

"இடது கால்" என்றாள். "இல்ல. அது வலது."

மறுபடி மிதித்தேன். உள்ளங்கை வியர்த்து அவள் சட்டையில் ஈரம் பட்டது. அறை முழுக்க என்னையே பார்ப்பதாக இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை, அவரவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் காதில் ஹந்தானை மண்டபத்துச் சிரிப்பு கேட்டது. அதில் என் சிரிப்பும் இருந்தது.

"போன் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் கையை விட்டேன். படிகளில் இறங்கி, வீதியைக் கடந்து, பேக்கரிக்குள் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்து அவள் வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். பையைத் திறந்து என் போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போன் அடிக்கல. காலையில இருந்து என் பேக்லதான் இருந்துச்சு."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பாதியில எறங்கி வந்தீங்க?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"பிழையா ஆடுறத ஆளுங்க பாக்குறாங்களே."

நான் சொன்னதை விளங்கிக்கொள்ள உண்மையாகவே முயற்சி செய்தாள். "அதுக்கு இவ்வளவு வெக்கம் வரும்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா? அன்னைக்கு ஹோட்டல்ல எனக்கு நடந்தப்போவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா சிரிச்சீங்க?"

"ஆமா."

அந்த ஒரு தடவைதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்படியே அந்தக் கதிரையோடு தரைக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. போன் அடிக்கிறது போன்ற சின்னப் பொய்களைச் சொல்லித் தப்பிக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன் என்றும் தெரிந்தது. பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நான் லயத்தில் பிறந்ததை ஒளிப்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. சொல்லி முடித்ததும் அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"அது காரணம். ஆனா அது சரியாகாது."

"சரியாகாதுதான்" என்றேன்.

பிறகு ஒன்று கேட்டேன். டொக்டர் தந்த கடிதத்தைப் பற்றிக் கம்பனியில் சொல்லலாமா என்று.

"நா மறைக்கச் சொல்லலயே. நீங்கதான் சொன்னீங்க."

இரண்டு நாள் கழித்து, கம்பனி கன்டீனில் தேநீர் நேரத்தில், யாரோ பாட்டுப் போட்டார்கள். தயாளன் எழுந்து முழங்கையை ஒட்டவைத்து முழங்காலைத் தூக்கினான். அவனுக்கு அது ஒரு பழகிய பகிடியாகிவிட்டிருந்தது. முன்பெல்லாம் நான் ஒரு புன்னகையோடு எழுந்து போய்விடுவேன். அன்று எழுந்து நின்றேன். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தயாளன், நிறுத்து. அது என் பொண்டாட்டி ஆடுனது."

அவன் நின்றான். "சும்மா பகிடிக்கு அண்ணே. அன்னைக்கு நீங்களும்..."

"ஆமா, நானும் சிரிச்சேன். அதச் சொல்லத்தான் எழும்புனேன். அவளுக்கு ஓட்டிசம் இருக்கு. அஸ்பெர்ஜர்னு சொல்லுவாங்க. மத்தவங்க செய்யிறதப் பாத்து அப்படியே செய்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். அவ செஞ்சா. நா ஒங்களோட நின்னு சிரிச்சேன். ஒன்ன நா ஏச வரல. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

வீரமாகப் பேசியவன் போல எனக்கு எந்த உணர்வும் வரவில்லை. எல்லோர் முன்னும் சட்டையைக் கழற்றியவன் போலத்தான் இருந்தது. ஃபாஸில் நானா தன் பக்கத்துக் கதிரையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டார். போய் உட்கார்ந்தேன்.

தயாளன் அன்று பின்னேரம் என் மேசைக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது. "அண்ணே, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். வீட்டுக்கு வரட்டா?"

நிஷாந்தினிக்கு போன் எடுத்துக் கேட்டேன்.

"அவரு வீட்டுக்கு வர வேணாம். எனக்கு என்னா பேசுறதுன்னு தெரியாது" என்றாள். "ஆனா அவரோட கீழ் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு. வீடியோவுல நல்லாத் தெரியுது. கெதியா காட்டச் சொல்லுங்க. விட்டா பக்கத்துப் பல்லும் போயிரும்."

அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான். சிரிக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் மேல்மாடிக்குப் போகிறேன். ஏழு மாதமாகிறது. வகுப்பிலேயே மோசமான ஆள் நான்தான். திலினி பொறுமைசாலி, ஆனாலும் சில நேரம் நான் ஆடும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வாள். நிஷாந்தினி என் காலுக்கு ஏற்றபடி தன் அடியைச் சுருக்கிக்கொள்வதில்லை. "நீங்கதான் நீட்டணும்" என்பாள். விழாக்களுக்குப் போகும்போது இன்னும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்கும்படி நானும் சொன்னதில்லை.

போன கிழமை வத்தேகமவிலிருந்து ஒரு புதுச் சோடி வந்தது. அடுத்த மாதம் கல்யாணமாம். இளசுகள். சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைக் கடந்து போகும்போது அந்தப் பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பார்க்காதவன் போல் போய்விடலாம் என்று நினைத்தேன். நிஷாந்தினி நின்றுவிட்டாள்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பையன் திடுக்கிட்டான். "ஐயோ, சொறி அக்கா. சும்மா..."

"நா மன்னிப்புக் கேக்கச் சொல்லல. காரணம் கேட்டேன்."

அவள் கேட்டதில் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பையன் அந்தப் பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணன்... காலப் பாத்துக்கிட்டே ஆடுறாரு அக்கா. எதையோ தொலைச்சுப்புட்டுத் தேடுற மாதிரி. அதான்."

நிஷாந்தினி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். "அவரு சொல்றது சரிதான். நீங்க கீழ பாக்குறீங்க. அதனாலதான் அடி பிந்துது. பாக்காதீங்க."

முகமெல்லாம் எரிந்தது. கை அவள் முதுகில் இருந்தது. இந்த முறை அதை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். எதிரே சுவரில் ஒரு நீளக் கண்ணாடி. அதில் அவள் முதுகும், அதற்கு மேலே வியர்த்துச் சிவந்த என் முகமும் தெரிந்தன.

"ஒண்ணு" என்றாள் அவள். நான் காலை நீட்டினேன்.